பழைய பென்ஸ் டாஷ்போர்டு கடிகாரம் நின்றுவிட்டது: பழுது பார்ப்பதா, குவார்ட்ஸ் போடுவதா?

#1 கோவை220டி

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1973 மாடல் மெர்சிடிஸ் 220டி இருக்கிறது. டபிள்யூ115 வகை, லெஃப்ட் ஹேண்ட் டிரைவ். டெல்லியில் தூதரக வண்டியாக ஓடி, எஸ்டிசி (அரசின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன்) ஏலத்தில் வெளியே வந்ததை அப்பா வாங்கினார். இன்ஜின், கியர் எல்லாம் நன்றாக இருக்கிறது. பிரச்சினை டாஷ்போர்டு கடிகாரம்.

2020 ஊரடங்கில் வண்டி ஏழு மாதம் ஷெட்டில் நின்றது. பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டது. புது பேட்டரி போட்டதும் மற்றதெல்லாம் வேலை செய்தது, கடிகாரம் மட்டும் 4 மணி 10 நிமிடத்தோடு சரி. அதற்கு முன் நாற்பது வருஷம் ஓடிய கடிகாரம் அது. சின்ன வயதில் அப்பா பேங்குக்குள் போயிருப்பார், நான் முன் சீட்டில் காத்திருப்பேன். இன்ஜின் அணைந்திருக்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் டாஷ்போர்டுக்குள்ளிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் எனக்குத் திரும்ப வேண்டும்.

இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். உள்ளே இருப்பதை எடுத்துப் போட்டுவிட்டு சுவர்க் கடிகார மிஷினை வைத்துத் தருகிறோம், 1,500 ரூபாய் என்றார்கள். மனசு ஒப்பவில்லை. இதைப் பழுது பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

#2 ரிச்சிதெரு

வணக்கம் சார். நான் எலக்ட்ரானிக்ஸ் ஆள், அதனால் குவார்ட்ஸ் பக்கம்தான் பேசுவேன். குவார்ட்ஸ் மிஷினில் படிகம் நொடிக்கு 32,768 தடவை துடிக்கிறது. அதைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்தால் நொடிக்கு ஒரு துடிப்பு. தேய்வதற்கு ஒன்றும் இல்லை, எண்ணெய் வேண்டாம்.

அந்த மிஷினுக்கு 1.5 வோல்ட் போதும். ஆனால் உள்ளே பென்சில் செல் போடாதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டியில் டாஷ்போர்டு கொதிக்கும், செல் கசிந்து டயலையே அரித்துவிடும். எல்எம்317 ஐசி ஒன்று வாங்கி, 240 ஓம், 47 ஓம் இரண்டு ரெசிஸ்டர் போட்டால் 12 வோல்ட்டிலிருந்து சரியாக 1.5 வோல்ட் வரும். வண்டி லைனில் திடீரென்று வோல்ட்டேஜ் எகிறும், அதனால் ஐசிக்கு முன்னால் ஒரு 1என்4007 டயோடு, 100 ஓம் ரெசிஸ்டர், வோல்ட்டேஜ் எல்லை தாண்டாமல் பிடிக்க 18 வோல்ட் ஜீனர் டயோடு கட்டாயம். மொத்தமாக 5 மில்லி ஆம்பியரை ஒட்டி இழுக்கும். மாதக் கணக்கு பார்த்தால் 4 ஆம்பியர் ஹவருக்குக் கீழே. உங்கள் டீசல் வண்டி பேட்டரிக்கு அது ஒன்றுமே இல்லை.

#3 திருச்சிவாட்ச்

தம்பி, அவசரப்படாதீர்கள். முப்பத்தைந்து வருஷம் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தவன் சொல்கிறேன். உங்கள் கடிகாரம் செத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பேட்டரி இறங்கிய பிறகு நின்றது என்று நீங்களே சொல்கிறீர்கள். காரணம் அதிலேயே இருக்கிறது.

அந்தக் காலத்து பென்ஸ் கடிகாரம் நேராக மின்சாரத்தால் ஓடுவதில்லை. ஸ்பிரிங்கில்தான் ஓடுகிறது. சாவி கொடுக்கும் வேலையை மட்டும் மின்சாரம் செய்கிறது. ஸ்பிரிங் தளர்ந்து முடியும் நேரத்தில் இரண்டு பாயின்ட் (கரன்ட் பாயும் தொடுமுனைகள்) ஒன்றையொன்று தொடும். உடனே காயிலில் கரன்ட் பாய்ந்து, காந்தம் உள்ளே இருக்கும் ஒரு கையை (நெம்புகோலை) படாரென்று உதைத்துத் தள்ளும். ஸ்பிரிங் மறுபடி ஏறிக்கொள்ளும், பாயின்ட் விலகிவிடும். நீங்கள் கேட்ட ‘டக்’ அந்த உதைதான். கரன்ட் ஓடுவது கண் இமைக்கும் நேரம் மட்டும்.

பேட்டரி பலவீனமானால் என்ன ஆகும்? பாயின்ட் தொடும், ஆனால் கையை உதைக்கக் காந்தத்துக்குத் தெம்பு போதாது. பாயின்ட் ஒட்டியபடியே நிற்கும், காயிலில் கரன்ட் விடாமல் ஓடும், காயில் சூடேறும். காயில் எரிந்துபோகாமல் இருக்க ஜெர்மன்காரர்கள் ஒரு ஃபியூஸ் வைத்தார்கள். கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் இல்லை. வளைந்த ஒரு தகட்டை, சீக்கிரம் உருகும் ஈயத்தால் ஒட்டி வைத்திருப்பார்கள். சூடானதும் ஈயம் இளகும், தகடு துள்ளி எழும், இணைப்பு அறுந்துவிடும். பத்துக்கு ஏழெட்டு கடிகாரம் என்னிடம் இப்படித்தான் வந்தது.

முதலில் திறந்து பாருங்கள். குவார்ட்ஸ் எங்கும் ஓடிப்போகாது.

#4 கோவை220டி

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மீட்டர் கிளஸ்டரை (எல்லா மீட்டரும் சேர்ந்த டாஷ்போர்டுப் பகுதியை) இறக்கினேன். அடுத்து இதைச் செய்யப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள், கிளஸ்டரைப் பிடித்து இழுக்கவே இழுக்காதீர்கள். ஸ்பீடோமீட்டர் கேபிள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஆயில் பிரஷர் மீட்டருக்கு இன்ஜினிலிருந்து நேராக எண்ணெயே ஒரு மெல்லிய குழாயில் வருகிறது. டெம்பரேச்சர் மீட்டருக்கு முடி மாதிரி ஒரு செம்புக் குழாய். அது மடங்கி உடைந்தால் அந்த மீட்டர் முடிந்தது. கேபிளைக் கழற்றி, ஆயில் குழாய்க்குக் கீழே துணி வைத்து, மெதுவாகத்தான் வெளியே கொண்டுவந்தேன்.

கடிகாரத்தைப் பின்னாலிருந்து தனியாகக் கழற்ற முடிந்தது. பின்பக்கம் கீன்ட்ஸ்லே என்று ஜெர்மன் கடிகாரக் கம்பெனி பெயர் இருக்கிறது. மூடியை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். காயிலுக்குப் பக்கத்தில் விரல் நகம் அகலத்தில் ஒரு பித்தளைத் தகடு அண்ணாந்து நிற்கிறது. அதன் நுனியில் மங்கலான சாம்பல் நிறத்தில் கடுகு அளவு ஈயம். கீழே தகடு உட்கார வேண்டிய இடத்திலும் அதே மாதிரி ஒரு பொட்டு. நீங்கள் சொன்னது எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், காயில் கம்பி எங்கும் அறுபடவில்லை.

சாதாரண சால்ட்ரிங் ஈயம் வீட்டில் இருக்கிறது. அதையே வைத்து ஒட்டிவிடலாமா?

#5 திருச்சிவாட்ச்

வேண்டாம் தம்பி, கையை எடுங்கள்! சாதாரண 60/40 ஈயம் உருக 190 டிகிரி பக்கம் வேண்டும். அந்தச் சூடு வருவதற்கு முன்பே காயில் கம்பியின் இன்சுலேஷன் கருகிவிடும். அப்படி ஒட்டினால் கடிகாரம் ஓடும், ஆனால் அதற்குக் காவல் இருக்காது.

ரோஸ் மெட்டல் என்று கேளுங்கள். பிஸ்மத், ஈயம், வெள்ளீயம் கலந்தது, 95 டிகிரி வாக்கில் உருகும். உட்ஸ் மெட்டல் என்று இன்னொன்றையும் காட்டுவார்கள், அதை வாங்காதீர்கள். 70 டிகிரியிலேயே இளகிவிடும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டியில் கடிகாரம் தானாகவே நின்றுபோகும். அதில் காட்மியம் வேறு இருக்கிறது, புகை உடம்புக்கு ஆகாது.

#6 ரிச்சிதெரு

ஐயா சொன்னபடி ஃபியூஸாக இருந்தால் நானும் பழுது பார்ப்பதற்கே ஓட்டுப் போடுகிறேன். ரோஸ் மெட்டல் கைக்குக் கிடைக்காவிட்டால் ஒரு மாற்று வழி: மொபைல் சர்வீஸ்காரர்கள் வைத்திருக்கும் 138 டிகிரி பேஸ்ட். வெள்ளீயம் 42, பிஸ்மத் 58 கலந்தது. சென்னை ரிச்சி தெருவில் சின்ன டப்பாவாகவே கிடைக்கும்.

#7 திருச்சிவாட்ச்

138 என்பது 190ஐ விடப் பரவாயில்லை. ஆனால் 95க்கு அது ஈடாகாது. தம்பி பத்து நாள் பொறுத்தாலும் சரியானதையே வாங்கட்டும்.

#8 யாழ்ஒஸ்ரின்

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் இருப்பது ஒஸ்ரின் (ஆஸ்டின்) ஏ60 கேம்பிரிட்ஜ், பழைய பிரிட்டிஷ் கார். அதில் ஸ்மித்ஸ் மணிக்கூடு. இது பென்ஸ் மாதிரி இல்லை, வேறு வகை. ஸ்பிரிங் ஏற்றுகிற வேலையே கிடையாது. பலன்ஸ் சில்லு (நேரத்தை அளந்து முன்னும் பின்னும் ஆடும் சக்கரம்) ஆடும்போது ஒரு சின்னத் தொடுப்பைத் தட்டும், ஒவ்வொரு தட்டுக்கும் காந்தம் அதை லேசாகத் தள்ளிவிடும். அதனால் தொடுப்பு கறுத்தால் உடனே நின்றுவிடும்.

சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் இங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து, சேலைன் குழாயால் சொட்டவிட்டு ஸ்ராட் பண்ணிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தக் காருக்குப் பற்றரி எப்போதும் அரைகுறைதான். மணிக்கூட்டை யார் கவனித்தார்கள்? பிறகு ஒருவரிடம் திருத்தக் கொடுத்தோம். அவர் இது பொசிற்றிவ் எர்த் கார் (பற்றரியின் பிளஸ் முனை கார் பொடியோடு இணைந்தது) என்று பார்க்காமல் மேசையில் மாற்றி வயர் கொடுத்தார். காயில் கருகி மணத்தது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அதனால் கடைசியில் நாங்கள் குவார்ட்ஸ்தான் போட்டோம். ரிச்சிதெரு அண்ணை சொன்ன அதே வழி. ஆனால் யாராவது செய்யப்போனால் மூன்று விஷயங்களை யோசியுங்கள். சுவர் மணிக்கூட்டு மிஷினின் தண்டு 8 மில்லிமீற்றர் பருமன், டயலின் நடு ஓட்டையைப் பெரிதாக்க வேண்டிவரும். முள்ளின் ஓட்டையும் பொருந்தாது. இரண்டையும் பெரிதாக்கினால் பிறகு பழையபடி ஆக்கவே முடியாது. அடுத்தது, முன்னாலிருக்கும் திருகில் நேரம் மாற்ற முடியாது, மிஷினுக்குப் பின்னாலிருக்கும் சில்லைத்தான் சுற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் மணிக்கூட்டைக் கழற்ற வேண்டியிருக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே பெரிய கவலை. கழற்றிய பழைய சாமான்களை ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டு வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் வந்த சில மணிக்கூடுகளின் முள்ளில் பச்சையாக ஒளிரும் பூச்சு ரேடியமாக இருக்கும். அதைச் சுரண்டவோ ஊதவோ வேண்டாம்.

#9 பினாங்குடபிள்யூ123

மலேசியாவிலிருந்து வணக்கம். என்னுடையது டபிள்யூ123, டபிள்யூ115க்கு அடுத்து வந்த பென்ஸ். இந்த இழையைப் பார்த்துவிட்டு அந்த வண்டிக்காரர்கள் ஃபியூஸைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். என் வண்டியில் இருப்பது தொழிற்சாலையிலிருந்தே வந்த குவார்ட்ஸ் கடிகாரம். அதில் ஸ்பிரிங் கிடையாது. நின்றுபோனால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் போர்டில் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும். பழையதன் மேல் அச்சடித்த அளவைப் பார்த்து, அதே அளவில், 105 டிகிரி தாங்குவதாக வாங்குங்கள். பிளஸ், மைனஸ் மாறாமல் வைத்தால் ஒரு மணி நேர வேலை. என்னுடையது மாற்றிய அன்றே ஓடியது.

#10 கோவை220டி

ரோஸ் மெட்டல் ஆன்லைனில் வாங்கினேன், வர ஒன்பது நாள் ஆனது. நேற்று இரவு உட்கார்ந்தேன். செய்ததை அப்படியே எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள்.

முதலில் பாயின்ட். விசிட்டிங் கார்டை மெல்லிய பட்டையாக வெட்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, இரண்டு பாயின்டுக்கும் நடுவில் வைத்து இழுத்தேன். முதல் பட்டை கரியாக வந்தது. ஆறாவது பட்டை வெள்ளையாக வந்தது. எமரி தாளைத் தொடவில்லை.

அடுத்தது ஃபியூஸ். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுத் தகட்டையும் இடத்தையும் துடைத்தேன். தகடு மேலே எழும்பவே பார்க்கிறது, ஒரு தீக்குச்சியால் கீழே அமுக்கிப் பிடித்தேன். சால்ட்ரிங் அயர்னை நேராக ஈயத்தில் வைக்காமல் பக்கத்துத் தகட்டில் தொட்டேன். ரோஸ் மெட்டல் பாதரசம் மாதிரி பளபளவென்று உருண்டு, அப்புறம் சட்டென்று படிந்துகொண்டது. அயர்னை எடுத்து மெதுவாக முப்பது எண்ணினேன். தீக்குச்சியை எடுத்தபோது தகடு அசையவில்லை.

பிறகு லைட்டர் திரவத்தில் பிரஷ் தொட்டு, பழைய எண்ணெய் பிசினாகக் காய்ந்திருந்த இடங்களை மட்டும் துடைத்தேன். காயில் பக்கம் போகவில்லை. வாட்ச் எண்ணெய் ஊசி முனையால், சக்கரத்தின் அச்சு உட்காரும் குழிகளில் மட்டும்.

பெஞ்சில் 12 வோல்ட் பேட்டரி, நடுவில் 1 ஆம்பியர் ஃபியூஸ். வயரைத் தொட்டேன். டக்! பேலன்ஸ் வீல் ஆடத் தொடங்கியது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு டக். இரவு பதினொன்றரைக்கு அப்பாவை எழுப்பவா வேண்டாமா என்று யோசித்து, எழுப்பிவிட்டேன்.

ஆனால் இன்று காலை பார்த்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஆறு நிமிடம் முந்திப் போகிறது. பின்னால் வேகம் திருத்தும் திருகை ஸ்லோ பக்கம் முழுக்கத் திருப்பியும் முந்துகிறது. என்ன காரணம் ஐயா?

#11 திருச்சிவாட்ச்

சபாஷ் தம்பி. வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள், ஒரு இடத்தில் மட்டும் கை தவறியிருக்கிறது. பேலன்ஸ் வீலோடு இருக்கும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கைப் பாருங்கள். சுருளின் இரண்டு வளையம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். எண்ணெயோ திரவமோ தெறித்திருந்தால் அப்படி ஆகும். ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடும், பேலன்ஸ் வேகமாக ஆடும். சுத்தமான லைட்டர் திரவம் ஒரே சொட்டு, பிறகு ஊதாமல் தானாகக் காயட்டும். அப்படியும் முந்தினால் காந்தம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ஸ்பீக்கர், காந்த முனை ஸ்க்ரூடிரைவர் எதையும் பக்கத்தில் வைத்திருந்தீர்களா?

#12 கோவை220டி

லென்ஸ் வைத்துப் பார்த்தேன் ஐயா, வெளிப்பக்கத்து இரண்டு வளையம் ஒட்டித்தான் இருந்தது. நீங்கள் சொன்னபடி ஒரு சொட்டு விட்டு, ஒரு பாத்திரத்தால் மூடி வைத்துவிட்டேன். பிரிந்துவிட்டது. இப்போது ஒரு நாளைக்கு ஒன்றரை நிமிடம் பிந்துகிறது. பின்னால் இருக்கும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஒரு முழு நாள் விட்டுப் பார்க்கிறேன்.

#13 ரிச்சிதெரு

சார், படித்து ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது. வண்டியில் ஏற்றுவதற்கு முன் என் பங்குக்கு ஒன்று. ஒவ்வொரு முறை பாயின்ட் விலகும்போதும் காயிலிலிருந்து ஒரு பெரிய வோல்ட்டேஜ் திரும்ப அடிக்கும், அந்தத் தீப்பொறிதான் பாயின்டைக் கரியாக்குகிறது. காயிலின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு வையுங்கள், வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சாமான். உங்கள் வண்டி நெகட்டிவ் எர்த், அதனால் இது சரி. யாழ்ப்பாணத்து நண்பர் மாதிரி பொசிட்டிவ் எர்த் வண்டி வைத்திருப்பவர்கள் எந்த முனைக்கு பிளஸ் வருகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே சால்ட்ரிங் செய்யுங்கள். திருப்பி வைத்தால் நேராக ஷார்ட்.

#14 திருச்சிவாட்ச்

டயோடு வைக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இதைவிட முக்கியம் பேட்டரி. மறுபடி வண்டி மாதக்கணக்கில் நின்று பேட்டரி இறங்கினால் இதே கதைதான் திரும்ப நடக்கும்.

#15 யாழ்ஒஸ்ரின்

அண்ணை, ஒரு கேள்வி. என்னுடைய ஸ்மித்ஸ் காயில் எரிந்துபோனது. அதைத் திரும்பச் சுற்றுவதற்கு ஏதாவது வழி இருக்கிறதா? கோவை அண்ணையின் மணிக்கூடு ஓடுகிற கதையைப் படித்ததிலிருந்து பிஸ்கற் ரின்னை மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன்.

#16 திருச்சிவாட்ச்

இருக்கிறது தம்பி. கருகிய காயிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கம்பியின் பருமனை மைக்ரோமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். பிறகு பொறுமையாக, எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே பிரியுங்கள். அதே பருமன் எனாமல் கம்பியில் அதே எண்ணிக்கை சுற்ற வேண்டும். மோட்டார் காயில் கட்டுபவர்களில் சின்ன வேலையும் எடுத்துச் செய்கிறவர்கள் இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள். ஆனால் டயலின் ஓட்டையைப் பெரிதாக்கியிருக்கிறீர்களே, அதுதான் வருத்தமாக இருக்கிறது. அதே அளவில் வேறொரு செத்த ஸ்மித்ஸ் கிடைத்தால் டயலுக்காகவே வாங்கி வையுங்கள்.

#17 கோவை220டி

கடிகாரம் போன சனிக்கிழமை வண்டிக்குள் போய்விட்டது. டயோடு வைத்திருக்கிறேன். கடிகார லைனில் தனியாக 1 ஆம்பியர் ஃபியூஸ், அதோடு டாஷ்போர்டுக்குக் கீழே, பார்த்தால் தெரியாத இடத்தில் ஒரு சின்ன சுவிட்ச். வண்டி பத்து நாளைக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால் சுவிட்சை அணைத்துவிடுவேன். திரும்ப எடுக்கும்போது முதலில் பேட்டரி வோல்ட்டேஜ் பார்த்து, 12.4க்கு மேல் இருந்தால்தான் சுவிட்ச். கிராங்க் பண்ணும்போதும் வோல்ட்டேஜ் இறங்கும் என்பதால், நீண்ட நாள் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணிய பிறகே கடிகாரத்தை ஓடவிடுகிறேன்.

அந்த 1,500 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டிருந்தால் டயலில் ஓட்டை போட்டிருப்பார்கள் என்பதை யாழ்ப்பாணத்து நண்பர் எழுதித்தான் தெரிந்துகொண்டேன். குவார்ட்ஸ் போடுவதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன், காயில் எரிந்தவர்களுக்கு அதுவும் ஒரு வழி. ஆனால் திறந்துகூடப் பார்க்காமல் உள்ளே இருப்பதைக் குப்பையில் போடச் சொல்கிறவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். என் கடிகாரத்தில் கெட்டுப்போனது கடுகளவு ஈயம்.

ஞாயிறு காலை அப்பா தானாகவே போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். காது கொஞ்சம் மந்தம் அவருக்கு, சத்தம் கேட்குமோ கேட்காதோ என்று எனக்குச் சந்தேகம். கையை டாஷ்போர்டு மேல் வைத்துக்கொண்டு இருந்தார். ‘டக்’ வந்ததும் என்னைப் பார்த்து, “அடிக்குது” என்றார்.

ஐயா, நீங்கள் கோவைப் பக்கம் வந்தால் சொல்லுங்கள். ஜிடி கார் மியூசியம் ஒரு நாள், எங்கள் வீட்டில் ஒரு நாள். அழைத்துப்போக இந்த வண்டியிலேயே வருகிறேன்.

#18 பினாங்குடபிள்யூ123

கோவை அண்ணே, அந்த ரோஸ் மெட்டல் மிச்சம் இருக்கிறதா? என் மாமா ஈப்போவில் 1970 மாடல் டபிள்யூ115 வைத்திருக்கிறார். அதிலும் கடிகாரம் நிற்கிறது என்று இன்றைக்குத்தான் சொன்னார்.

#19 கோவை220டி

நிறைய இருக்கிறது. கடுகளவு போதும், நான் வாங்கியது அரிசி டம்ளரில் கால்வாசி. தனி மெசேஜில் முகவரி அனுப்புங்கள்.